நீ ஆடிக்காட்டுற அப்பன் நான் இல்லை

தம்பி,

ஒன் காகிதம் வந்துச்சு. ஒங்கம்மா ரெண்டு தடவ வாசிச்சுட்டுத்தான் எங்கையில குடுத்தா. நான் ஒரு தடவதான் வாசிச்சேன், அதுக்கே போதும் போதும்னு ஆயிருச்சு. அடுத்த மாசம் ஜெர்மனிக்குப் போறியாம். அங்க மூணு ஊருல அந்த ஆட்டத்த ஆடப் போறியாம். அதுக்குப் பெரிய நோட்டீஸ் அடிக்கிறாங்களாம், அதுல போட நான் தோல் தைக்கிற மாதிரி போட்டோ ஒண்ணு வேணுமாம், கூடவே என்னோட ஆசீர்வாதமும் வேணுமாம். ரெண்டும் கெடையாது. மொதல்லயே சொல்லிப்புடுறேன், கடைசி வரைக்கும் ஆசையோட வாசிச்சு நீ ஏமாற வேணாம். இன்னொண்ணு, இத நான் ஒனக்கு மட்டும் எழுதல. நம்ம கடைக்கு நாலு கடை தள்ளி அச்சகம் வச்சிருக்கிறவரு ஒரு மாசப் பத்திரிகை நடத்துறாருல்ல, அவருகிட்டயும் ஒரு பிரதி குடுக்கப் போறேன். எங்கதைய நீ கண்டி டவுனே பாக்க ஆடிக்காட்டுன. பதில் மட்டும் எதுக்கு ஒட்டுன உறைக்குள்ள வரணும்?

என்னையத் தெரியாதவங்களும் வாசிப்பாங்கன்றதால சொல்றேன். நான் கண்டி மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் முப்பது வருசத்துக்கு மேல சப்பாத்துத் தைக்கிறவன். பொறந்தது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. எங்க ஐயாவுக்கும் தோல் வேலைதான். எங்க சாதி என்னன்னு இதுக்கு மேலயும் வெளக்கம் வேணுங்கிறவங்க பக்கத்துல இருக்கிறவங்களக் கேட்டுக்கிறட்டும், ரொம்ப சந்தோசமா சொல்லுவாங்க. எனக்கு ஒரே மகன். அவன் பரதநாட்டியம் படிச்சான், அப்புறம் கொழும்புக்குப் போயி ஒரு வெள்ளைக்காரம்மாகிட்ட பாலே படிச்சான், இப்ப ரெண்டையும் நவீன நடனத்தோட கலந்து புதுசா என்னமோ செய்யிறான். பேப்பர்ல எல்லாம் போடுறாங்க. அந்தப் பெருமைய ஒங்கம்மா பாத்துக்கிறா, நான் வேற வெசயம் பேசணும்.

குளத்துக்குப் பக்கத்துல இருக்கிற மண்டபத்துல நீ ஆடுன அன்னைக்கு நான் மூணாவது வரிசையில ஒக்காந்திருந்தேன். ஒரு பக்கம் ஒங்கம்மா. மத்தப் பக்கம், எனக்குத் தோல் குடுக்கிற மடவளை முஸ்லிம் அண்ணன், நானான்னுதான் அவரக் கூப்புடுவேன். அவரு நாட்டியம்னு ஒண்ண அன்னைக்குத்தான் மொத தடவையாப் பாக்குறாரு. ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு. சலங்கையக் கட்டிக்கிட்டு அரைமண்டியில ஒக்காந்து தட்டடவு போட்ட. அந்தச் சலங்கையோட தோல் பட்டை நான் வெட்டுனதுன்னு சத்தத்துலயே தெரிஞ்சுச்சு. பெறகு ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வந்து கால்வெரல் நுனியில நின்னு சுத்துச்சு, நீயும் அது கூடச் சேந்து குதிச்ச. அப்புறம் ரெண்டு பேருமாத் தரையில உருண்டீங்க. அதுதான் நவீன நடனம்னு நோட்டீஸ்ல மூணு பாஷையில போட்டிருந்துச்சு. நானா எங்காதுல, "ஒங்கட மகன் செய்யிறது ஒண்டும் வெளங்குதில்ல, ஆனா கண்ணெடுக்கவும் ஏலாம இருக்கு" ன்னாரு. ஒன் ஆட்டத்தப் பத்தி நான் கேட்டதுலயே ஒழுங்கான விமர்சனம் அதுதான்.

ரெண்டு ஆட்டத்தக் கலக்கக் கூடாதுன்னு சொல்ற ஆளு நான் இல்ல. அதச் சொல்றதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க, மொத வரிசையில ஒக்காந்து மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சது தோல். ரெண்டு சப்பாத்தப் பிரிச்சு ஒண்ணாத் தைக்கலாம், தாராளமாத் தைக்கலாம். ஆனா ஊசி போற எடத்துல ரெண்டு தோலும் ஒரே தடிப்பா இருக்கணும், இல்லாட்டி நடக்க நடக்கப் பிரிஞ்சுரும். நீ பரதத்துல இருபது வருசம் பாடுபட்டவன், பாலேயில நாலு வருசம். அந்த வித்தியாசம் பல எடத்துல பல்லிளிச்சுச்சு. தட்டி ஆடும்போது ஒங்கால் பேசுச்சு. குதிக்கும்போது ஒங்கால் அந்தப் பொண்ணப் பாத்து எழுதுச்சு. ஒரே ஒரு எடத்துல மட்டும் ரெண்டும் சேந்துச்சு. காலுல சலங்கையோட, பெருவெரல் மேல நின்னு, ஒரு மணி கூடக் குலுங்காம மேடையில ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு நீ நடந்த பாரு, அது. சலங்கை கட்டுறதே சத்தம் வரத்தான், சத்தமில்லாம இறங்குறதுதான் பாலே. அதக் கொண்டாந்து இதுக்குள்ள அடச்சிருந்த. கூட்டத்துல யாரும் அதுக்குக் கைதட்டல. எனக்கு மட்டும் அது என்னன்னு தெரிஞ்சுச்சு, ஏன்னா ஒனக்குப் பரதம் சொல்லிக் குடுத்த டீச்சர் வீட்டு வெராந்தாவுல என்னையத் தாண்டிப் போகும்போது நீ அப்படித்தான் போவ.

அந்த எடத்தோட நிப்பாட்டியிருந்தா நான் வாயத் தெறந்திருக்கவே மாட்டேன். நீ நிப்பாட்டல. அடுத்து ஒரு அப்பனக் கொண்டாந்து விட்ட. ஒன் கூட ஆடுற பையன் ஒருத்தன், கூனிக்கிட்டு, கிழிஞ்ச சாரத்தக் கட்டிக்கிட்டு, கையில ஒரு தோல் துண்டோட வந்தான். அவன்தான் நானாம். எனக்கு எப்படா கூன் விழுந்துச்சு? அந்த அப்பன் வெராந்தா ஓரமா நிக்கிறான், ஒரு டீச்சரம்மா சின்னப் பையனா ஆடுற ஒன்கிட்ட "இவரைத் தெரியுமோ" ன்னு அபிநயம் புடிக்கிறாங்க, பையன் நாலு வெரலையும் சேத்து நிமித்தி, நெஞ்சுக்கு முன்னால கைய ஆட்டி, தெரியாதுங்கிறான். அதையே பரதத்துல ஒரு தடவ, பாலேயில தலையத் திருப்பி ஒரு தடவ, தரையில விழுந்து துடிச்சு ஒரு தடவன்னு மாத்தி மாத்திக் காட்டுன. கடைசியில அப்பன் மொழங்கால்ல விழுந்து அழுவுறான். அப்புறம் எந்திரிச்சு வந்து மகன் தலையில கைய வச்சு மன்னிக்கிறான். சனம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. எனக்கு முன் வரிசையில ஒரு அம்மா சேலத் தலைப்பால கண்ணத் தொடைச்சாங்க. ஒங்கம்மாவும் அழுதா. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு நீ பின்னால ஓடியாந்த. நெஞ்சு அடைக்கல, கோவம். நின்னா பத்துப் பேரு முன்னால ஒன்னைய அறைஞ்சிருப்பேன்.

அழுதேனாடா நான்? அன்னைக்கு நான் அழுதேனா? நீ சொல்லு.

நீ மறந்திருக்க மாட்ட, ஆனா மறைச்சுட்ட. அதனால நான் சொல்றேன். நீ பொறக்குறதுக்கு முன்னால இருந்தே அந்த டீச்சருக்கு நான்தான் சலங்கைப் பட்டை வெட்டிக் குடுத்தவன். அவுங்க யாழ்ப்பாணத்துக்காரங்க, அம்பிட்டிய ரோட்டுல மேட்டு மேல வீடு, வீட்டுலயே வகுப்பு. நான் பின் வெராந்தாப் படியில ஒக்காந்து மணி கோத்துத் தைப்பேன். உள்ள தட்டுக்கழி சத்தம், பிள்ளைகளோட கால் சத்தம். எத்தனையோ வருசம் அந்தச் சத்தத்த மட்டுந்தான் கேட்டேன், ஒரு நாளு கூட உள்ள எட்டிப் பாத்ததில்ல. கேட்டுக் கேட்டு எந்தப் பிள்ளை எந்த அடவுல பிந்துதுன்னு பாக்காமலே சொல்லுவேன். வீட்டுல வேலை செய்யும்போது சும்மா முணுமுணுத்துக்கிட்டு இருப்பேன், தெய்யா தெய், தெய்யா தெய்னு. நீ நடக்கப் பழகுன காலத்துல இருந்து அதுக்குக் காலத் தட்டுவ. தாளம் ஒரு தடவ கூடத் தப்புனதில்ல. அன்னைக்கே எனக்கு வெறி புடிச்சுருச்சு. நான் ஒக்காந்திருக்கிற படிக்கு அந்தப் பக்கம் எம்மகன் நின்னு ஆடணும். வேற ஆசையே எனக்கு இல்ல.

அப்பன் யாருன்னு தெரிஞ்சா சேக்க மாட்டாங்க, டீச்சர் சேத்தாலும் மத்தப் பிள்ளைகளோட தாய் தகப்பன் விட மாட்டாங்க. அதனால ஒங்கம்மாவ அனுப்புனேன், என்னைய வீட்டுலயே விட்டுட்டு. தகப்பனுக்கு என்ன வேலைன்னு கேட்டிருக்காங்க. இவ, "கச்சேரியில" ன்னிருக்கா. டீச்சருக்கு மொகம் மலந்துபோச்சு, "ஆ, என்ன வாத்தியம்?" னு கேட்டிருக்காங்க. ஒங்கம்மா முழிச்சுட்டு, "பாட்டுக் கச்சேரி இல்லீங்க, கவர்மெண்டு கச்சேரி, பியோன்" னு சொல்லிச் சமாளிச்சிருக்கா. மிருதங்கம்னு சொல்லியிருக்கலாமே, அதுவும் தோல் தானேன்னு அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். பொய் சொன்னது எங்களுக்கு வெளையாட்டா இருந்துச்சு, அதச் சுமக்கப் போறது நீங்கிறது தோணவே இல்ல.

மொத வகுப்புக்கு ஒன்னையக் கூட்டிக்கிட்டு குளக்கரை வழியாப் போகும்போது நான் என்ன சொன்னேன்? மதிலுப் பக்கத்துல நிப்பாட்டி, குனிஞ்சு, ஒன் ரெண்டு தோளையும் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன். அங்க நான் வருவேன், நீ என்னையப் பாக்கக் கூடாது, அப்பான்னு கூப்புடக் கூடாது, யாரும் கேட்டா தெரியாதுன்னு சொல்லணும். நீ சொல்லிப் பாக்குற வரைக்கும் விடல. மூணு தடவ சொல்ல வச்சேன். மொத தடவ சொல்லும்போது ஒனக்குச் சிரிப்பு வந்துச்சு. வேற மாதிரி சொல்லு, சிரிக்காமச் சொல்லுன்னேன். அந்த அபிநயத்த ஒனக்குச் சொல்லிக் குடுத்தது டீச்சர் இல்ல, நான்.

பத்து வயசு இருக்கும் ஒனக்கு. ஒரு பொடிப் பொண்ணு ஒன் மூஞ்சியையும் எம் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "டீச்சர், ரெண்டு பேரும் ஒரே மாதிரி" ன்னுச்சு. வெராந்தாவுல நாலஞ்சு தாய்மாரு இருந்தாங்க. டீச்சர் ஒன்னையப் பாத்து, "இவரை உனக்குத் தெரியுமோ?" ன்னாங்க. நீ என்னையப் பாத்த. நேருக்கு நேரா, கண்ண இமைக்காமப் பாத்துட்டு, "தெரியாது டீச்சர்" ன்ன. கையும் அந்த மாதிரி ஆட்டுன. அப்ப எம் மொகத்துல என்ன வந்துச்சு தெரியுமா? சிரிப்பு. குனிஞ்சு தோல வெட்டுற மாதிரி மறைச்சுக்கிட்டேன், ஆனா நீ பாத்துட்ட. எம்மகன் எவ்வளவு நல்லா நடிக்கிறான்னு எனக்கு அப்படி ஒரு பெருமை. திரும்பி வர்ற வழியில ஒனக்கு ஐஸ் பழம் வாங்கிக் குடுத்தேன்டா. கெட்டிக்காரன்னு முதுகுல தட்டுனேன். நீ அதத் தின்னல, உருகிக் கை வழியா ஒழுகிப்போச்சு, சட்டையப் பாழாக்கிட்டன்னு அதுக்கும் திட்டுனேன்.

இதுல எங்க இருக்கான் மொழங்கால்ல விழுந்து அழுத அப்பன்?

அந்தத் தழும்பையும் சொல்லிப்புடுறேன். ஒன் கணுக்காலுல இருக்கிறதப் பெரிசாப் போட்டோ புடிச்சு, "பாரம்பரியம் தந்த காயம்" னு நோட்டீஸ்ல போட்டிருக்க. பாரம்பரியமாவது மண்ணாங்கட்டியாவது. மஞ்சத்தண்ணிடா அது. நான் பட்டைய வெட்டிக் குடுத்தா டீச்சர் அத அப்படியே சாமிக்கு முன்னால வைக்க மாட்டாங்க, மஞ்சத்தண்ணியில நனைச்சுக் காய வச்சுத்தான் வைப்பாங்க. "தோல் எல்லோ, சுத்தம் பண்ண வேணும்" பாங்க. தோலுனாலயா, தொட்ட கையினாலயான்னு நான் கேட்டதில்ல. நனைச்சுக் காய வச்ச தோல் வெறகு மாதிரி ஆயிரும், ஓரம் கத்தி மாதிரி அறுக்கும், மணியெல்லாம் கழண்டு விழும். திரும்பத் திரும்ப என்னையத்தான் கூப்புட்டு வைவாங்க, தோல் சரியில்லன்னு. தண்ணியில போடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா எதுக்குத் தண்ணியில போடுறாங்கன்னும் பேசணும், பேசுனா நீ வெளிய. வாய மூடிக்கிட்டேன். ஒங்கால் அறுபட்டு ரத்தம் வந்தப்பவும் தேங்காண்ண தடவிவிட்டேனே தவிர வாயத் தெறக்கல. எங்கையால வெட்டுன தோல் எம்மகன் கால அறுக்குதுன்னு தெரிஞ்சே விட்டேன்.

வெராந்தாவுல தெரியாதுன்னு சொன்னதுக்கப்புறம் வருசம் போகப் போக நீ வீட்டுலயும் என்னைய அப்பான்னு கூப்புடுறது கொறஞ்சுபோச்சு. "இந்தாங்க", "இங்க பாருங்க" ன்னுதான் கூப்புடுவ. ஒங்கம்மா ரெண்டு தடவ சொன்னா. மீசை மொளைக்கிற வயசுல பயலுக அப்படித்தான்னு மழுப்பிட்டேன். எனக்குத் தெரியாம இல்ல.

நீ ஆடுன அடுத்த வாரம் நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். இது ஒனக்குத் தெரியாது, ஒங்கம்மாவுக்கும் இன்னைக்கு வரைக்கும் சொல்லல. பின் படிக்குப் போகல, முன் கேட்டத் தெறந்துக்கிட்டுப் போனேன். அவுங்களுக்கு மொழங்கால் போயிருச்சு, சுவத்தப் புடிச்சுக்கிட்டு வந்தாங்க. கதிரையக் காட்டி, "இருங்கோ" ன்னாங்க. அத்தனை வருசமா "நீ" தான், அன்னைக்குத்தான் மொத தடவையா "இருங்கோ". நான் ஒக்காரல. நின்னுக்கிட்டே சொன்னேன், "டீச்சர், அவன் எம்மகன். பொய் சொல்லச் சொன்னது நான். பிள்ளை மேல தப்பில்ல" ன்னு. அவுங்க ஆச்சரியப்படவே இல்ல. "ஓம், தெரியும். முதல் மாசமே தெரியும். ரெண்டு பேருக்கும் இடது கால் கொஞ்சம் வெளியால போகும். கால் பாக்கிறதுதானே என்ர வேலை" ன்னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. "அப்பறம் எதுக்கு டீச்சர் அத்தனை பேரு முன்னால பிள்ளைகிட்ட கேட்டீங்க?" ன்னேன். அவுங்களே அந்தக் கதிரையில ஒக்காந்தாங்க. பெறகு, "தாய்மார் எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. அவன் தெரியாது எண்டு சொன்னால்தான் நான் அவனை வச்சிருக்கலாம். அவன் சொல்லுவான் எண்டும் எனக்குத் தெரியும்" ன்னாங்க. நல்லது செஞ்ச மாதிரிதான் சொன்னாங்க. நானும் அப்படித்தானே நெனச்சுக்கிட்டு இருந்தேன். மஞ்சத்தண்ணியப் பத்தி மட்டும் கேட்டேன். அவுங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நான் வந்துட்டேன்.

மேட்டுல இருந்து எறங்கி வரும்போதுதான் எனக்கு மண்டையில ஒறச்சுச்சு. எனக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். ரெண்டு பெரிய மனுசங்க தெரிஞ்சுக்கிட்டே நாடகம் போட்டிருக்கோம். நெசம்னு நம்புன ஒரே ஆளு பத்து வயசுப் பிள்ளை. பெத்தவனத் தெரியாதுன்னு சொன்ன பாவி தான்தான்னு இத்தனை வருசமா அத நெஞ்சுக்குள்ள வச்சு அழுத்திக்கிட்டு, இப்ப வெள்ளைக்காரங்க கூடச் சேந்து மேடையில உருண்டு உருண்டு மன்னிப்புக் கேக்குது. கேக்க வேண்டியவன் மூணாவது வரிசையில டிக்கட் வாங்கி ஒக்காந்திருக்கான். இது எந்த ஊரு நியாயம்டா? ஆத்திரமா வருது எனக்கு. ஒம்மேலயா எம்மேலயான்னு கேக்காத, ரெண்டு பேரு மேலயும்தான். நீ ஏன் சொல்லிக் குடுத்தவன மறைச்ச? எனக்காகவா? அன்னைக்கு நான் ஒன்னைய மறைக்கச் சொன்னேன், மறைச்ச. இன்னைக்கு யாரு மறைக்கச் சொன்னா? என்னையப் பாவம் பாக்குறியா? எனக்குப் பாவம் பாக்க நீ யாரு? அந்தக் கூனன நல்லவனாக்கி, சனத்த அழ வச்சு, அவன் கையத் தூக்கி ஒன் தலையில நீயே வச்சுக்கிட்ட. நான் எங்கைய இன்னும் தூக்கல.

போறதுக்கு முன்னால ஒரு புத்தி சொல்றேன், கேட்டாக் கேளு. எதையும் எதோடயும் கலந்துக்க, பரதம், பாலே, ஒங்க நவீனம், மலையில அடிக்கிற தப்பு மேளம், எதையும். ஆனா செஞ்சவனையும் செய்யச் சொன்னவனையும் கலக்காத. நோட்டீஸ்ல என் போட்டோ வராது. ஒங்கம்மா திருட்டுத்தனமா அனுப்புனாலும் நீ போடக் கூடாது. விமானத்துல ஏறுறதுக்கு முன்னால அந்த அப்பன மேடையில இருந்து எறக்கு. கூனலோட, கிழிஞ்ச சாரத்தோட, கண்ணீரோட எறக்கி வெளிய அனுப்பு. அந்த எடத்துல முதுகு நேரா நிக்கிற ஒருத்தனக் கொண்டா, தொவைச்சுத் தேச்ச சட்ட போட்டவன. பையன் வாயத் தெறக்குறதுக்கு முன்னால அவன் குனிஞ்சு பையன் ரெண்டு தோளையும் புடிச்சு, என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுக்கட்டும். பிள்ளை சரியாச் சொன்னதும் அவன் மொகத்துல ஒரு சிரிப்பு வரணும். அந்தச் சிரிப்ப எப்படி ஆடுறதுன்னு பரதத்துல தேடு, பாலேயில தேடு. எதுலயும் கெடைக்காட்டி கடைக்கு வா, நானே சிரிச்சுக் காட்டுறேன்.